'இல்லை' என்றவர் யார்?

ஒருவன் தான் தானே என்று பிறர்க்கு மெய்ப்பிக்க வேண்டிய தேவை எப்பொழுது உண்டாகிறது? ஓர் ஊரிற் பிறந்து, அவ்வூரிலேயே வாழ்ந்து, அங்கேயே மடிபவனுக்கு அத்தேவை இல்லை. அவன் முகமே அவனுக்குச் சாட்சி. அவன் ஊரைவிட்டுப் பெயர்ந்து, முகமறியாதாரிடம் வேலையும் கூலியும் உணவும் பெறத் தொடங்கும்போதுதான் 'நீ யார்?' என்ற வினா எழுகிறது. தங்கவயலிலும் பெங்களூரிலும் வாழும் நம்மிற் பலர், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் அவ்வாறு பெயர்ந்து வந்தவர்களின் மக்களே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நம் முன்னோர்க்கு ஊரில் முகம் சாட்சியாக இருந்தது என்பதைக் காட்டிலும், முகமே குற்றமாக இருந்தது என்பதுதான் உண்மை. கண்டவுடன் இன்னார் என்று அறிந்துகொண்ட ஊர், அறிந்த காரணத்தாலேயே அவர்களைக் கிணற்றிலிருந்தும் தெருவிலிருந்தும் விலக்கி வைத்தது. ஆதலின் முகமறியாத நகரம் அவர்களுக்குத் துன்பமாகத் தோன்றவில்லை, விடுதலையாகவே தோன்றிற்று. இதை மனத்திற் கொண்டு மேலே படிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறேன். ஏனெனில், இயந்திரத்தைக் குறைகூறும் கட்டுரைகளுட் பல, பழைய கிராமத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவன. அந்தப் பெருமூச்சு நமக்கு ஆகாது.

நான் ஆராயப் புகுவது சிறிய விஷயம். இந்நாளில் ரேஷன் கடைக்கு அரிசி வாங்கச் செல்பவர் அட்டையைக் காட்டினால் மட்டும் போதாது. கடைக்காரர் நீட்டும் ஒரு சிறு கருவியின் கண்ணாடிமேல் விரலை வைக்க வேண்டும். கருவி அவ்விரலின் ரேகையைப் படமெடுத்து, அவருடைய 12 இலக்க ஆதார் எண்ணுடன் சேர்த்துத் தொலைவிலுள்ள ஒரு கிடங்குக்கு அனுப்புகிறது. அவர் பெயரில் அங்கே முன்னரே பதிந்து வைத்திருக்கும் ரேகையோடு அது ஒப்பிடப்பட்டு, 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை திரும்பி வருகிறது. எல்லாம் சில நொடி வேலை. 'ஆம்' என்று வந்தால் அரிசி கிடைக்கும். 'இல்லை' என்று வந்தால், விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கச் சொல்வார்கள். பிறகு வேறு விரல். பிறகு மற்றொரு கை. அதற்கும் 'இல்லை' என்றால், "நாளைக்கு வாங்கம்மா" என்பார்கள்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், எங்கள் தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். அவர்களுக்கு 'நாளை' என்றால் ஒரு நாட்கூலி. வீட்டிலிருக்கும் முதியவளுக்கோ, 'நாளை' என்றால் இன்னொரு முறை அந்த மேட்டை ஏறி இறங்குவது.

திரும்பிச் செல்லும் அம்முதியவள் ஒரு கேள்வி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "எனக்கு அரிசி இல்லை என்று சொன்னது யார்?" கடைக்காரர் கருவியைக் காட்டுவார். மேலதிகாரி சர்வரைச் சொல்வார். சர்வரைக் காப்பவர் தொலைபேசிக் கம்பெனியின் இணைப்பைச் சொல்வார். கம்பெனியோ மழையைச் சொல்லும். ஒவ்வொருவரும் கூறுவது உண்மைதான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவள் வெறும் பையுடன் வீடு போகிறாள். செய்தவர் இல்லாமல் ஒரு செயல் நிகழ்ந்திருக்கிறது. இது எப்படிக் கூடும்?

இவ்வினாவை ஆராயுமுன், விரல்ரேகை எவ்வாறு மனிதனுக்குச் சாட்சியாக ஏற்பட்டது என்பதைச் சிறிது காண்போம். வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்னுமிடத்தில், 1858-ஆம் ஆண்டு, வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை தருவதற்கான ஓர் ஒப்பந்தத்தில், ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மை தடவிப் பதியச் செய்தார். 'இது என் கையெழுத்தன்று' என்று அவர் பின்னாளில் மறுக்காதபடி அச்சுறுத்துவதே நோக்கம் என்பதை ஹெர்ஷலே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1897-இல் உலகின் முதல் கைரேகை அலுவலகம் கல்கத்தாவில் தோன்றியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுத்ததில் அஜிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரு இந்தியர்க்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அம்முறை அவர்களுடைய மேலதிகாரியான ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. இவ்வாறு பிறந்த ரேகை அடுத்து யார் மேல் பாய்ந்தது? குற்றப் பரம்பரையினர் என்று சட்டம் முத்திரை குத்திய மக்கள் மேல். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்து நின்ற மக்களைக் காவற்படை சுட்டதில் குறைந்தது 16 பேர் மாண்டனர். அப்பகுதி மக்கள் அச்சட்டத்தை 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். அதற்கு முன்னரே, தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், ஆசியர் யாவரும் ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று வந்த சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர்களுள் தமிழர் மிகப் பலர்.

தங்கவயலுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. சுரங்கத் தொழிலாளன் வெளியே வரும்போது உடல் சோதிக்கப்படுவான்; பூமிக்கடியில் உழைப்பவன் தங்கத்தைத் திருடுவான் என்ற ஐயமே நிர்வாகத்தின் நீங்கா நோய். 1930-இல் தொழிலாளர் யாவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது, அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். எழுத்தறியாத தொழிலாளர் மிகுந்திருந்த அந்நாளில், அந்த மைப்பெட்டியில் ஏதோ அவமானம் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ரேகை கேட்கப்படுவது கைதியிடம். தம்மிடமும் அதுவே கேட்கப்படுகிறது. இவ்வளவே அவர்கள் கண்டது, அது போதுமானதாயிருந்தது.

ரேகையின் மற்றொரு முகம் கைநாட்டு. கடன் பத்திரத்திலும், நில ஒப்பந்தத்திலும், எழுதாத வெற்றுத்தாளிலுங்கூட நம் பாட்டன்மார் பெருவிரலை உருட்டினார்கள். அத்தாளில் பிறகு என்ன எழுதப்பட்டது என்பதை அவர்கள் அறியார். அறிந்தபோது நிலம் கையை விட்டுப் போயிருந்தது. 'கைநாட்டு' என்ற சொல்லே ஒரு வசையாயிற்று. அதனாலேயே நம்மவர் நடத்திய இராப்பள்ளிகளில் முதற்பாடம் அகரம் அன்று. தன் பெயரைத் தானே எழுதும் பயிற்சியே முதற்பாடம். எண்ணெய் விளக்கின் கீழ், பலகையில், தடித்த விரல்களால் தம் பெயரை எழுதிக் கற்றவர்களை நம் மூத்தோர் பலர் கண்டிருப்பர். முதன்முதலாகச் சம்பளப் பட்டியில் கையெழுத்திட்ட நாளை, மகனுக்குத் திருமணம் நடந்த நாளைப்போல நினைவில் வைத்திருந்தவர்கள் உண்டு. அக்கையெழுத்து கோணலாயிருக்கலாம். ஆனால் அது அவர் எண்ணிச் செய்த செயல். விரும்பினால் இடலாம், விரும்பாவிடில் மறுக்கலாம். ரேகை அவ்வாறன்று. உறங்குபவன் விரலிலிருந்தும் எடுக்கலாம். பிணத்தின் விரலிலிருந்தும் எடுக்கலாம். கையெழுத்து மனிதன் தருவது; ரேகை மனிதனிடமிருந்து எடுத்துக்கொள்வது. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு ஏற இரண்டு தலைமுறை ஆயிற்று. இன்று பட்டம் பெற்றவரும் பெருவிரலை நீட்டுகிறார். எல்லாரும் நீட்டுவதால் அதில் இழிவில்லை என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு நியாயம் உண்டு, ஓரளவே உண்டு. பட்டம் பெற்றவர் வங்கியில் நீட்டுகிறார். அங்கே கருவி பிழைத்தால் மேலாளர் நாற்காலி தந்து வேறு வழி தேடுவார். ரேஷன் கடையில் நாற்காலி இல்லை.

இனி ரேகையின் இயல்பைப் பார்ப்போம். கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையுமுன்னரே விரல்களில் ரேகை அமைந்துவிடுகிறது. ஆயுள் முழுவதும் அதன் அமைப்பு மாறுவதில்லை. தோலின் மேற்பரப்புத் தேய்ந்தாலும், ஓய்வு கிடைத்தால், அடித்தோலிலிருந்து அதே ரேகை மீண்டும் எழும். ஆனால் ஓய்வு கிடைக்க வேண்டுமே! சிமெண்டும் சுண்ணாம்பும் கலப்பவர், கல் உடைப்பவர், நாள் முழுவதும் பாத்திரம் துலக்குபவர், துணி வெளுப்பவர் ஆகியோரின் விரல்களில் மேடு பள்ளம் தெளிவாக நிற்பதில்லை. முதுமையில் தோல் வறண்டு மடிப்பு விழுகிறது. ஆகவே, உழைத்துத் தேய்ந்த கையே கருவிக்கு விளங்காத கை. மேசையின்முன் அமர்ந்து வேலை செய்வோரின் விரலை அது உடனே அறிந்துகொள்கிறது. யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. ஆயினும் விளைவு இதுதான். ரேகைக்கு மாற்றாகக் கருவிழியைப் படமெடுக்கும் முறை உண்டு. கண்புரை விழுந்தவர்க்கு அதுவும் சில வேளை கைகொடாது. கைப்பேசிக்கு எண் அனுப்பும் முறையும் உண்டு; வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி காலையிலேயே மகனுடன் பெங்களூருக்குப் போய்விடுகிறது.

எத்தனை பேர்க்கு இப்படி நேர்கிறது? 2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியே உச்ச நீதிமன்றத்தில், அரசுச் சேவைகளில் ஒப்பீடு 88 விழுக்காடு வெற்றி பெறுகிறது என்று கூறினார். ஒப்பீடு பிழைத்தது என்பதனாலேயே சேவை மறுக்கப்பட்டது என்று பொருளன்று என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். அவர் சொன்னது முறையே. நாமும் அதை மறைக்கலாகாது. அந்த ஆண்டு செப்டம்பர் 26-இல் ஐந்து நீதிபதிகளுள் நால்வர் ஆதாரை ஏற்றும், சந்திரசூட் என்ற ஒருவர் மறுத்தும் தீர்ப்பளித்தனர். வழக்கின் நுட்பங்களை வழக்கறிஞர் பேசட்டும்.

நிற்க. எதிர்த்தரப்பினர் கூறுவதை அதற்குரிய வலுவோடு கேட்க வேண்டும். அதுவும் நம்மவருள்ளேயே உள்ள எதிர்த்தரப்பை. "கருவி வருமுன் கடையில் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டீரா?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். மறக்கவில்லை. இறந்தவர் பெயரால் அரிசி வாங்கப்பட்டது. எடை குறைந்தது. மண்ணெண்ணெய் இருந்தும் இல்லை என்றார்கள். நம் தெருக்காரர் என்று அறிந்தவுடன் அட்டையைக் கையில் தராமல் மேசைமேல் எறிந்த கடைக்காரரும் இருந்தார். "அந்த மனிதனைவிட இந்தக் கருவி மேல் அல்லவா? இதற்குச் சாதி தெரியாதே!" என்றார் நண்பர். இச்சொல்லை நான் இலேசாகத் தள்ளவில்லை. அண்ணல் அம்பேத்கரும் 1945-இல் வெளியான 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதார்க்குச் செய்தது என்ன' என்ற பொருளுடைய ஆங்கில நூலில், தீமை இயந்திரத்தில் இல்லை, அதை ஒரு சிலர்க்கு மட்டும் பயன்படச் செய்த சமுதாய அமைப்பில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். இயந்திரம் இல்லாவிட்டால் உழைப்பவனுக்கு ஓய்வில்லை. ஓய்வில்லாவிட்டால் கல்வியும் பண்பும் இல்லை என்பது அவர் கருத்து. அதை மறுக்க என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. 1902-இலேயே சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலுக்கு வந்தது. பெங்களூருக்கு விளக்கு வருமுன் நம் சுரங்கத்து எந்திரங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. அவ்வெந்திரங்களை ஓட்டியவர்கள் குடியிருந்த தட்டிக் குடிசைகளுக்குத்தான் அது வரவில்லை. கம்பிமேல் யாருக்கும் கோபம் இல்லை. எதுவரை கம்பி இழுப்பது என்று முடிவு செய்தவர் கம்பியன்று.

ஆயினும் நண்பரின் சொல்லில் ஓர் இடம் எனக்கு உறுத்துகிறது. கருவி சாதியைக் காணவில்லை என்பது மெய். ஏனெனில் அது எதையும் காணவில்லை. சாதியைக் காணாத அக்கண், எதிரே நிற்பவளின் பசியையும் காணவில்லை. இதைச் சமநோக்கு என்று கொள்வது தவறு. புத்தகோசர் விசுத்திமார்க்கத்தில் ஒரு நுட்பமான வேறுபாடு காட்டுகிறார். உபேட்சை என்னும் சமநோக்குக்கு எட்ட நின்று பகைப்பவை விருப்பும் வெறுப்பும். அருகிலிருந்து அதுபோலவே தோற்றமளித்து ஏமாற்றும் பகையோ, அறியாமையினால் வரும் பாராமுகம். வேண்டியவர் வேண்டாதவர் என்னும் பேதமின்றி எல்லாரையும் நன்கு காண்பது ஒன்று. யாரையுமே காணாதிருப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். நாம் கேட்டது முன்னது. நமக்குத் தரப்பட்டது பின்னது. கெட்ட கடைக்காரனிடமாவது வாதாடலாம், ஏசலாம், அவன் மனைவியிடம் சொல்லி அவனை வெட்கப்படச் செய்யலாம். கருவிக்கு வெட்கம் இல்லை.

இங்கே மற்றொன்றையும் நோக்க வேண்டும். உணவு வழங்கலில் பிழை இரு வகைப்படும். தகுதியில்லாத ஒருவர் ஐந்து கிலோ அரிசி பெற்றுவிடுதல் ஒன்று. தகுதியுள்ள ஒருவர் பெறாமற் போதல் மற்றொன்று. முன்னதில் அரசுக்குப் பொருள் நட்டம். பின்னதில் ஒரு வீட்டில் அடுப்பெரியவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து எண்ணிக்கை பார்ப்பது அறமாகாது. நீதிமன்றத்தில் இவ்வேறுபாடு நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. கொலை செய்தான் என்று கொண்டுவரப்பட்டவனுக்குக்கூட, ஐயம் எழுந்தால், ஐயத்தின் பயன் அவன் பக்கமே சேரும். ரேகை தெளிவில்லை என்றால் அவன் தப்புவான். ரேஷன் கடையிலோ ரேகை தெளிவில்லை என்றால், எக்குற்றமும் சுமத்தப்படாத ஒரு கிழவி தண்டனை பெறுகிறாள். ஐயத்தின் பயன் அங்கே கருவிக்குப் போகிறது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வரிசியை அவளுக்கு உரிமையாக்கியது, பிச்சையாக அன்று. உரிமையுடையவள் ஐயத்திற்குரியவளாக நிறுத்தப்படுகிறாள் என்பதே 1930-இல் சுரங்க வாயிலில் எழுந்த அதே வழக்கு.

இப்பொழுது முதல் வினாவுக்கு வருவோம். 'இல்லை' என்றவர் யார்?

நம் தருமத்தில் வினை என்பது எண்ணத்திலிருந்து தொடங்குகிறது. உபாலி என்னும் இல்லறத்தார் பற்றிய சூத்திரத்தில் இது விரிவாகப் பேசப்படுகிறது: உடலால் செய்வதே பெரிது என்ற நிகண்டரின் கொள்கைக்கு எதிராக, மனத்தால் துணிவதே பெரிது என்று பகவன் நிலைநாட்டுகிறார். இதைக் கேட்ட ஒருவர், 'அப்படியாயின் யாரும் துணியாத இந்த மறுப்பில் யாருக்கும் பாவம் இல்லை' என்று முடிவு கட்டலாம். மிக வசதியான முடிவு. அதிகாரிகள் அனைவரும் இதை விரும்புவர். ஆனால் அது சேதனையைத் தவறான இடத்தில் தேடுவதாகும். கருவியின் முன் நிற்கும் அந்நொடியில் யாரும் தீமை எண்ணவில்லை, உண்மை. அதற்கு முன்னரே, மின்விசிறி சுழலும் ஓர் அறையில், 'கருவி பிழைத்தால் என்ன செய்வது?' என்ற கேள்வி ஒருவர் முன் வந்திருக்கும். வந்தே தீரும், எந்தக் கருவியும் பிழைக்கும் என்பதை அதைச் செய்தவரே நன்கறிவர். அப்பொழுது, 'பிழைத்தால் அரிசியைக் கொடுத்துவிட்டுப் பிறகு விசாரிப்போம்' என்றும் துணியலாம்; 'பிழைத்தால் அவர் மறுநாள் வரட்டும்' என்றும் துணியலாம். அத்துணிவுதான் சேதனை. கேள்வியே எழாதபடி கோப்பை மூடினார் என்றால், அதுவும் சேதனை. அன்று அவ்வறையில் எண்ணப்பட்டது இன்று இங்கே கருவியின் வாயால் பேசுகிறது. கடைக்காரரும் முற்றும் நீங்கியவர் அல்லர். எதிரே நிற்பவளை முப்பது ஆண்டுகளாக அவர் அறிவார். அவள் பெயரை அறிவார். அவள் கணவர் எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தார் என்பதையும் அறிவார். அறிந்தும், 'நீ நீயல்லை' என்று கருவி சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரே, அந்தக் கணத்தில் தம் கண்ணை அவர் விற்றுவிடுகிறார். அவருக்கும் அச்சம் உண்டு. உரிமம் போய்விடும் என்று அஞ்சுகிறார். அச்சத்தை இரக்கத்தோடு நோக்கலாம். ஆனால் அதற்குச் செயலின்மை என்று பெயரிடலாகாது.

இதற்கு வழி இல்லையா? வழி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் வியப்பு. 2017 அக்டோபரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையில், ஆதார் இல்லை என்றோ ஒப்பீடு கூடவில்லை என்றோ, தகுதியுடையவர்க்கு உணவு தானியம் மறுக்கக்கூடாது என்றும், அவ்வாறு நேரும்போது தனிப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு வழங்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. ஒரு நோட்டு, ஒரு பேனா. அதற்கு இணைப்பு வேண்டாம்; மின்சாரம் வேண்டாம். வேண்டுவதெல்லாம், 'இவரை நான் அறிவேன்' என்று எழுதித் தன் பெயரை அதன்கீழ் இடத் துணியும் ஒரு மனிதர். அதுதான் எங்கும் பஞ்சமாயிருக்கிறது.

எங்கள் சங்கத்தில் சிலர் சேர்ந்து, மாதந்தோறும் அரிசி வழங்கும் நாட்களில், ஒருவர் மாற்றி ஒருவர் ரேஷன் கடைக்குச் சென்று அந்நோட்டைக் கேட்கத் தொடங்கினோம். சண்டைக்கு அன்று, கேட்பதற்கு மட்டும். முதல் மாதம் கடைக்காரர், "அப்படி ஒரு நோட்டே கிடையாது" என்றார். அறிவுரையின் நகலைக் காட்டினோம். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். இரண்டாம் மாதம், மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நாங்கள் மேலே சென்று கேட்டோம். அங்கே ஓர் இளம் அலுவலர், தாமும் ஒரு தொழிலாளியின் மகளாம், எங்களை உட்காரச் சொல்லி விவரங்களை எழுதிக்கொண்டார். மூன்றாம் மாதம் நான் சென்றபோது, மேசைமேல் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. முதற்பக்கத்தில் நான்கு பெயர்கள், நான்கும் பெண்களுடையவை. ஒவ்வொன்றின் எதிரிலும் அரிசியின் எடையும் கடைக்காரரின் கையெழுத்தும் இருந்தன. அந்நால்வருள் இருவர் தம் பெயரைத் தாமே எழுதியிருந்தனர். மற்ற இருவர், வேறு வழியின்றி, பெருவிரலை மையில் உருட்டியிருந்தனர். வரும் மாதம் அந்நோட்டு மேசைமேல் இருக்கிறதா என்று பார்க்கும் முறை, உரிகம்பேட்டை அன்பர்களுடையது.